டோக்கியோ பங்குச் சந்தைச் சொற்கள்: ஒரகடம் வகுப்பறையில் ஒரு பாடம்

நான் பணிபுரியும் அரசு உயர்நிலைப் பள்ளி ஒரகடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பொருளியலில் தமிழ்நாட்டின் தொழில்துறை தொகுப்புகள் பற்றிய பாடத்தை நடத்தும்போது எடுத்துக்காட்டு தேடி அலைய வேண்டியதில்லை. ஒரகடத்தில் ரெனோ-நிசான், கோமாட்சு, வல்லம் வடகாலில் யமஹா, இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். கம்பெனி பேருந்தின் நிறத்தை வைத்து எந்த ஆலை, எந்த ஷிஃப்ட் என்று சொல்லும் பிள்ளைகளும் உண்டு.

2025 ஜூனில் பள்ளி திறந்த சில நாள்களில் ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், ஜப்பான்ல கம்பெனிக்குப் பல்லாயிரம் கோடி நஷ்டம்னு டிவியில சொன்னாங்க. அப்போ இங்க மூடிடுவாங்களா? எங்கப்பா அவங்களுக்குப் பார்ட்ஸ் செஞ்சு குடுக்கிற கம்பெனியில இருக்காரு."

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியதை இந்தப் பகுதி வீடுகள் மறக்கவில்லை. ஆகவே இந்தக் கேள்வியை ஒரு வரிப் பதிலில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. மூட மாட்டார்கள் என்று உறுதி சொல்ல எனக்கு உரிமை இல்லை. செய்தியில் வரும் எண் எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்று சொல்லித்தர முடியும். அப்படித் தொடங்கியது ஐந்து பாடவேளை வரை நீண்டது. இதே போன்ற ஊர்களில் பணிபுரியும் ஆசிரியர்களுக்குப் பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

எந்த நட்டம்?

நிசான் நிறுவனம் 2024-25 நிதியாண்டில் அடைந்த நிகர நட்டம் 67,090 கோடி யென். ஜப்பானிலும் நம்மைப் போலவே பெரும்பாலான நிறுவனங்களுக்கு நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரைதான். முதலில் அலகைப் பார்க்கச் சொன்னேன். கோடிதான், ஆனால் ரூபாய் அல்ல, யென். ஒரு ரூபாய்க்கு ஒன்றரை யென்னுக்கு மேல் கிடைக்கும் என்பதால் ரூபாயில் எண் குறையும். குறைந்தாலும் பெரிய தொகைதான்.

அதே அறிக்கையில் இன்னொரு வரி இருந்தது. அதே ஆண்டில் அந்த நிறுவனத்தின் செயல்பாட்டு லாபம் 6,980 கோடி யென். வகுப்பே குழம்பியது. லாபமும் நட்டமும் ஒரே ஆண்டில் எப்படி?

சாலையோர டிபன் கடையைக் கணக்காக்கினேன். அரிசி, பருப்பு, எண்ணெய், காஸ், வாடகை, கூலி எல்லாம் போக அந்த ஆண்டில் கடைக்கு 50,000 ரூபாய் மிஞ்சுகிறது. இது செயல்பாட்டு லாபம். முன்பு 5 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய இயந்திரங்களை வைத்து எதிர்பார்த்த அளவு சம்பாதிக்க முடியாது, இனி அவற்றின் மதிப்பு 2 லட்சம்தான் என்று கடைக்காரர் கணக்கில் ஒப்புக்கொள்கிறார். கையை விட்டு அன்று ஒரு ரூபாயும் போகவில்லை. ஆனால் ஏட்டில் 3 லட்சம் குறைகிறது. ஆண்டுக் கணக்கு இரண்டரை லட்சம் நட்டம். நிசானின் நட்டத்திலும் இப்படிச் சொத்து மதிப்பைக் குறைத்து எழுதிய தொகைதான் பெரும் பங்கு. மறுசீரமைப்புச் செலவும் சேர்ந்தது.

இதைக் கேட்டு ஆறுதல் அடைந்துவிடவும் கூடாது என்பதையும் சொன்னேன். 2025 மே 13 அன்று நிறுவனம் உலகளவில் 20,000 பணியிடங்களைக் குறைப்பதாகவும், 17 ஆலைகளை 10 ஆக்குவதாகவும் அறிவித்தது. ஏட்டில் மட்டும் எழுதப்பட்ட நட்டம் என்றாலும் அதன் பின்னால் மனிதர்களைத் தொடும் முடிவுகள் வருகின்றன. ஒரகடத்தைப் பொறுத்தவரை, ஆலையில் நிசானிடம் இருந்த 51 சதவீதப் பங்கை ரெனோ வாங்கிக்கொள்ளும் என்ற அறிவிப்பு அதற்கு முன்பே 2025 மார்ச் 31 அன்று வந்துவிட்டது. ஆகஸ்டில் கைமாற்றம் முடிந்தது. நிசான் கார்களும் தொடர்ந்து அங்கேயே தயாராகும் என்பது ஒப்பந்தம். மாணவியின் கேள்விக்கு அதுவரை பொதுவெளியில் இருந்த விடை இவ்வளவுதான். அதை அப்படியே சொன்னேன்.

பங்கு யாருடையது?

அடுத்த கேள்வி இயல்பாக வந்தது. "அப்போ நாம ஒரகடம் கம்பெனி ஷேரை வாங்க முடியுமா?" முடியாது. டோக்கியோவில் பட்டியலிடப்பட்டிருப்பது தாய் நிறுவனம். அங்கே நிறுவனங்களுக்குப் பெயரோடு ஓர் எண்ணும் உண்டு. நிசான் 7201, டொயோட்டா 7203, யமஹா மோட்டார் 7272, கோமாட்சு 6301. இங்கே இருக்கும் ஆலை தாய் நிறுவனத்தின் ஒரு கிளை நிறுவனம். ஆலை எவ்வளவு நன்றாக ஓடினாலும் தாய் நிறுவனத்தின் பங்கு விழலாம். ஆட்குறைப்பு அறிவிப்பு வந்த நாளில் பங்கு ஏறுவதும் உண்டு. செலவு குறையும் என்று முதலீட்டாளர் கணக்குப் போடுகிறார். பங்கு விலை முதலீட்டாளரின் எதிர்பார்ப்பை அளக்கிறது. தொழிலாளியின் சம்பளத்தை அது அளப்பதே இல்லை. இந்த ஒரு செய்தி புரிந்தாலே ஐந்து பாடவேளையும் வீண்போகவில்லை என்று நினைக்கிறேன்.

கிளை நிறுவனமே இங்கு பட்டியலிடப்படுவதும் உண்டு. இருங்காட்டுக்கோட்டை ஆலையை நடத்தும் ஹூண்டாய் மோட்டார் இந்தியா 2024 அக்டோபரில் பங்கு வெளியிட்டது. ஒரு பங்கு 1,960 ரூபாய், மொத்தம் சுமார் 27,870 கோடி ரூபாய். அதுவரை இந்தியா கண்ட பங்கு வெளியீடுகளில் அதுவே பெரியது. அத்தனை பணமும் புதிய இயந்திரம் வாங்கவா என்று மாணவர்கள் கேட்டார்கள். இல்லை. கொரியத் தாய் நிறுவனம் தன் கையிலிருந்த பங்கில் ஒரு பகுதியை விற்றது, பணம் அதற்கே சென்றது. அப்பா தன் நிலத்தில் கொஞ்சத்தை விற்றால் பணம் அப்பாவுக்குத்தான், வயலுக்கு உரம் வாங்க அல்ல என்று ஒரு மாணவன் சொன்னான். இதைவிடத் தெளிவாக நான் சொல்லியிருக்க மாட்டேன்.

டோக்கியோ பற்றிச் சில தகவல்கள் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தன. அங்கே சந்தை காலை 9 மணிக்குத் திறக்கும்போது இங்கே அதிகாலை 5.30. முதல் ஷிஃப்ட் பேருந்துகள் ஓடத் தொடங்கும் நேரம். 11.30 முதல் 12.30 வரை சந்தைக்கே உணவு இடைவேளை. நம் பள்ளியில் காலை வணக்கக் கூட்டம் நடக்கும்போது அங்கே மதிய வர்த்தகம் தொடங்கியிருக்கும். 2024 நவம்பரிலிருந்து மாலை 3.30 வரை, அதாவது நமக்கு நண்பகல் 12 மணி வரை, நடக்கிறது. இன்னொன்று, நிறம். நாம் சிவப்பு என்றால் இறக்கம் என்று பழகியிருக்கிறோம். ஜப்பானிய விலைப் பலகையில் சிவப்பு ஏற்றம், பச்சையோ நீலமோ இறக்கம். ஒரு படத்தைக் காட்டி "ஏறியதா, இறங்கியதா?" என்றேன். எல்லோரும் தவறாகச் சொன்னார்கள். தப்புக்குச் சிவப்பு மை போட்டுப் பழகிய எனக்கும் இது விசித்திரமாகத்தான் இருக்கிறது.

கைப்பேசியில் வரும் மெழுகுவர்த்தி வரைபடமும் ஜப்பானில் பிறந்ததே. அரிசி வணிகத்தோடு அதைத் தொடர்புபடுத்துவார்கள். ஒசாகாவின் தோஜிமா அரிசிச் சந்தைக்கு ஷோகன் அரசு 1730இல் அனுமதி அளித்தது. கிடங்கில் இருக்கும் அரிசியை மட்டுமல்ல, வரப்போகும் நாளின் விலையையும் அங்கே பேரம் பேசினார்கள்.

இரண்டு குறியீடுகள், ஒரே நாள்

நிக்கேய் 225 என்பது 225 நிறுவனப் பங்குகளின் விலையை வைத்துக் கணக்கிடும் சராசரி. டோப்பிக்ஸ் என்பது நிறுவனங்களின் சந்தை மதிப்பை வைத்துக் கணக்கிடுவது. 1968 ஜனவரி 4 அன்றைய நிலையை 100 என்று கொண்டது. நம் சென்செக்ஸும் நிஃப்டியும் இந்த இரண்டாம் வகை. வேறுபாட்டை வரையறையாகச் சொன்னால் மாணவர்கள் மனப்பாடம் செய்வார்கள், அவ்வளவுதான். நான் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டேன்.

அ நிறுவனம்: ஒரு பங்கு 5,000 யென், மொத்தம் 10 பங்குகள். ஆ நிறுவனம்: ஒரு பங்கு 500 யென், மொத்தம் 1,000 பங்குகள். ஒரு நாள் அ 10 சதவீதம் ஏறுகிறது, ஆ 10 சதவீதம் இறங்குகிறது. விலைச் சராசரி 2,750இலிருந்து 2,975 ஆகிறது. 8.2 சதவீத ஏற்றம். மொத்தச் சந்தை மதிப்பு 5,50,000இலிருந்து 5,05,000 ஆகிறது. 8.2 சதவீத இறக்கம். ஒரே நாள், ஒரே சந்தை. ஒரு நாளிதழ் ஏற்றம் என்று போடும், இன்னொன்று இறக்கம் என்று போடும். இரண்டும் பொய் சொல்லவில்லை. டொயோட்டா சந்தை மதிப்பில் பெரிய நிறுவனம். ஆனால் நிக்கேயை அதைவிட அதிகம் அசைக்கக்கூடியது யூனிக்லோ துணிக்கடைகளை நடத்தும் ஃபாஸ்ட் ரீடெய்லிங். காரணம் அதன் பங்கின் உயர்ந்த விலை.

அடுத்தது புள்ளியும் சதவீதமும். எட்டாம் வகுப்பு வாழ்வியல் கணிதத்துக்கும் இது பொருந்தும் என்பதால் எங்கள் கணித ஆசிரியரையும் அழைத்துக்கொண்டேன். 2024 ஆகஸ்ட் 5 அன்று நிக்கேய் 35,909.70இலிருந்து 31,458.42க்கு விழுந்தது. 4,451 புள்ளிகள். புள்ளிக் கணக்கில் அதுவே அதுவரை கண்ட மிகப் பெரிய ஒருநாள் வீழ்ச்சி. 1987 அக்டோபர் 20 அன்று விழுந்தது 3,836 புள்ளிகள்தான். எது பெரிய வீழ்ச்சி? சதவீதம் போட்டுப் பார்த்தால் 2024இல் 12.4, 1987இல் 14.9. தலைப்புச் செய்தி புள்ளியைச் சொன்னது. முதலீட்டாளர் இழந்ததைச் சொல்வது சதவீதம்.

மறுநாள் நிக்கேய் 10.2 சதவீதம் ஏறியது. அப்படியானால் இழப்பு 2.2 சதவீதம்தானா? வகுப்பில் பாதிப் பேர் ஆம் என்றார்கள். போட்டுப் பார்க்கச் சொன்னேன். 34,675இல் முடிந்தது. முதல் நிலையைவிட 3.4 சதவீதம் குறைவு. விழுந்தது பெரிய அடிப்படையில், ஏறியது சிறிய அடிப்படையில். சதவீதங்களை நேராகக் கூட்டவோ கழிக்கவோ கூடாது என்பதற்கு இதைவிட நல்ல கணக்கு எனக்குக் கிடைத்ததில்லை.

"நீண்ட காலம் வைத்திருந்தால் பங்கு ஏறியே தீரும்" என்று சொல்வோருக்கும் ஜப்பான் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 1989 டிசம்பர் 29 அன்று நிக்கேய் 38,915.87. 2009 மார்ச் 10 அன்று 7,054.98. ஏறக்குறைய 82 சதவீத வீழ்ச்சி. மீண்டும் பழைய உச்சத்தைத் தாண்டியது 2024 பிப்ரவரி 22இல். 34 ஆண்டுகள். அடிமட்டத்திலிருந்து பழைய நிலைக்கு வர ஐந்தரை மடங்காக வேண்டியிருந்தது. இடையில் கிடைத்த ஈவுத்தொகை இந்தக் குறியீட்டில் சேராது என்பதையும் நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும். 1989இல் முப்பது வயதில் உச்சத்தில் வாங்கிய ஒருவருக்கு 2024இல் என்ன வயது என்று கேட்டேன். வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருந்தது.

யென்னும் வட்டியும்

ஜப்பானியப் பங்குச் செய்திகளில் யென் இல்லாத நாள் குறைவு. ஏற்றுமதி நிறுவனம் ஒன்று அமெரிக்காவில் 20,000 டாலருக்கு ஒரு கார் விற்கிறது. 2011 அக்டோபரில் ஒரு டாலர் சுமார் 76 யென். கைக்கு வந்தது 15.2 லட்சம் யென். 2024 ஜூலைத் தொடக்கத்தில் ஒரு டாலர் சுமார் 161 யென். அதே கார், அதே விலை, 32.2 லட்சம் யென். யென் மதிப்பு குறைந்தால் ஏற்றுமதியாளரின் பங்கு ஏன் ஏறுகிறது என்பது இதில் தெரிந்துவிடும். இறக்குமதிப் பொருள் வாங்கும் ஜப்பானியக் குடும்பத்துக்கு அதே யென் பாரம். விலைவாசி பேசும்போது, 2025 மே மாதத்தில் அங்கே அரிசி விலை முந்தைய ஆண்டைவிட இரு மடங்கானது என்று சொன்னேன். சோறு உண்ணும் நாட்டின் கஷ்டம் நம் பிள்ளைகளுக்கு உடனே புரிந்தது.

வட்டிக்கு வருவோம். ஜப்பான் மத்திய வங்கி 2016இல் எதிர்மறை வட்டியை அறிவித்தது. வங்கிகள் மத்திய வங்கியில் வைத்த பணத்தின் ஒரு பகுதிக்கு வட்டி பெறாமல் வட்டி கட்டின. 2024 மார்ச்சில் அதைக் கைவிட்டு, ஜூலை 31 அன்று வட்டியை 0.25 சதவீதமாக்கியது. அப்போது நம் ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி 6.5, அமெரிக்காவில் 5 சதவீதத்துக்கு மேல். ஒரு வட்டிக்கு வாங்கி இரண்டு வட்டிக்கு விடுவது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த தொழில். அதைத்தான் உலகளவில் செய்தார்கள்: யென்னில் மலிவாகக் கடன் வாங்கி டாலரில் போட்டார்கள். 1,60,000 யென் கடன் வாங்கி, டாலருக்கு 160 யென் வீதம் 1,000 டாலராக்கினால் ஓராண்டில் 5 சதவீத வட்டியோடு 1,050 டாலர். லாபம்தானே? யென் வலுத்து ஒரு டாலர் 142 யென் ஆகிவிட்டால் கைக்கு வருவது 1,49,100 யென். கடனோ 1,60,000. இரவல் வாங்கிய பவுன் சங்கிலியை விற்றுப் பணம் புரட்டியவர், திருப்பித் தரும் நாளில் பவுன் விலை ஏறியிருந்தால் என்ன ஆவாரோ அதே நிலை. ஜூலைத் தொடக்கத்தில் 161 ஆக இருந்த டாலர் ஆகஸ்ட் 5 அன்று 142 வரை வந்தது. அமெரிக்க வேலைவாய்ப்புப் புள்ளிவிவரமும் எதிர்பார்ப்பைவிடக் குறைவாக வந்திருந்தது. கடன் வாங்கியவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க ஓடியதும் அந்த 4,451 புள்ளி வீழ்ச்சிக்கு ஒரு காரணம்.

ஜிடிபி பற்றி ஓர் எச்சரிக்கை மட்டும். நம் செய்திகளில் வரும் வளர்ச்சி சென்ற ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிட்டது. ஜப்பான் செய்திகளில் பெரும்பாலும் முந்தைய காலாண்டோடு ஒப்பிட்டு, அதே வேகம் ஓராண்டு நீடித்தால் எவ்வளவு என்று பெருக்கிச் சொல்வார்கள். காலாண்டில் அரை சதவீதம் வளர்ந்தால் "ஆண்டு வீதம் 2 சதவீதம்" என்று வரும். இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால் தவறாகும்.

எங்கள் டாங்கன்

பிள்ளைகள் அதிகம் ரசித்தது டாங்கன். ஜப்பான் மத்திய வங்கி மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிறுவனங்களிடம் தொழில் நிலைமை நன்றா, சுமாரா, மோசமா என்று கேட்கிறது. நன்று என்றவர்களின் சதவீதத்திலிருந்து மோசம் என்றவர்களின் சதவீதத்தைக் கழித்தால் குறியீடு. சுமார் என்றவர்கள் கணக்கில் வந்தும் வராதவர்கள். இவ்வளவு எளிய அளவீட்டுக்காகத்தான் முதலீட்டாளர்கள் காத்திருக்கிறார்கள்.

இதை நாமே செய்யலாமே என்று ஒரு மாணவன் கேட்டான். வீடுகளில் கேட்க நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஓவர்டைம் நின்றுபோன வீட்டுப் பிள்ளை அதை வகுப்பில் சொல்ல நேரக்கூடாது. டீக்கடை, டிபன் கடை, பங்ச்சர் கடை, செல்போன் ரீசார்ஜ் கடை, அறை வாடகைக்கு விடுபவர் என்று 20 இடங்களைத் தேர்ந்தெடுத்தோம். நன்று 9, சுமார் 6, மோசம் 5. அதாவது 45 கழித்தல் 25, கூட்டல் 20. வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஊருக்குப் போயிருப்பதால் வியாபாரம் குறைவு என்று டிபன் கடைக்காரர் ஒருவர் விளக்கமும் சொல்லி அனுப்பியிருந்தார். எண்ணோடு அந்தக் குறிப்பையும் பதிவேட்டில் எழுத வைத்தேன்.

பெற்றோர் சிலர் வாட்ஸ்அப் குழுக்களில் வரும் "இன்றைய டிப்ஸ்" பார்த்துப் பணம் போடுவதும் பேச்சில் தெரிந்தது. நான் அறிவுரை சொல்லவில்லை, செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின் எண்ணைக் கரும்பலகையில் எழுதினேன்: 2021-22 முதல் 2023-24 வரை பங்கு முன்பேர வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் இழந்தார்கள், சராசரி இழப்பு ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய். இங்கே ஆசிரியர்களுக்கும் ஒரு சொல்: நம் நடத்தை விதிகள் ஊக வணிகத்தை அனுமதிப்பதில்லை. வகுப்பில் எந்தப் பங்கையும் வாங்கலாம், விற்கலாம் என்று சொல்வதையும் நான் தவிர்க்கிறேன். பெயர்கள் பாடத்துக்கு எடுத்துக்காட்டு மட்டுமே.

மூன்று மாதம் கழித்து இரண்டாம் சுற்றுக்குப் போனபோது 20 கடைகளில் ஒன்று மூடியிருந்தது. அதை மோசம் பக்கம் சேர்ப்பதா, மீதி 19ஐ மட்டும் கணக்கிடுவதா, பக்கத்துக் கடையைப் புதிதாகச் சேர்ப்பதா என்று பெரிய வாக்குவாதம். 1949 முதல் பட்டியலில் இருந்த தோஷிபா 2023 டிசம்பரில் டோக்கியோ சந்தையிலிருந்து விலகியதையும், குறியீட்டிலிருந்து ஒரு நிறுவனம் போனால் வேறொன்று வந்து உட்காரும் என்பதையும் சொன்னேன். "அப்போ மூடின கடை கணக்குலயே தெரியாதா டீச்சர்?" என்றாள் முதலில் கேள்வி கேட்ட அதே மாணவி. பதிவேட்டில் இப்போது இரண்டு நிரல்கள் இருக்கின்றன. ஒன்று திறந்திருக்கும் கடைகளுக்கு, இன்னொன்று தொடக்கத்தில் எழுதிய 20க்கும்.